வீட்டுக்குள் ஒரு வலைத்தளம் – 6: கரண்ட் போனால் தெரிந்துவிடும்

போன வாரம் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பெட்டியில், இருப்பிடத்தை மறைக்க உதவும் டோர் மென்பொருளை ஏற்றியதோடு நிறுத்தியிருந்தேன். அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டியது இரண்டே வரிகள்தான்: சாவிகள் இருக்கும் ஃபோல்டர் எது, வருபவர்களை எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது. மென்பொருளை மறுபடி ஓடவிட்டதும் அந்த ஃபோல்டரில் 56 எழுத்துகளும் எண்களுமாக ஒரு முகவரி வந்து உட்கார்ந்தது, கடைசியில் 'டாட் ஆனியன்' என்ற வாலோடு. இதற்குப் பதிவுக் கட்டணமோ ஆண்டுச் சந்தாவோ கிடையாது. நம் பொதுச்சாவியிலிருந்தே பிறந்த முகவரி அது. பக்கத்திலேயே இருக்கும் ரகசியச்சாவிக் கோப்பை உடனே ஒரு பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். அது தொலைந்தால் முகவரியும் போச்சு. திருடு போனால் திருடியவனுக்கே நம் முகவரி. முறையிட ஆளில்லை.

புதுவாயலில் என் வீட்டு இணைப்புக்கெனத் தனி ஐபி எண் இல்லை. பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே எண். அதனால் சாதாரணத் தளமென்றால் வெளியாள் நேராக உள்ளே வர முடியாது. டோரில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் என் பெட்டியே வெளியே போகிறது. சில அறிமுகக் கணினிகளிடம் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கிறது. பார்க்க வருபவர் ஒரு சந்திப்புக் கணினியைத் தேர்ந்து, 'அங்கே வா' என்று அந்த அறிமுகக் கணினிகள் வழியே தகவல் அனுப்புகிறார். இரு பக்கமும் பல கணினிகளைக் கடந்துதான் சந்திப்பு. அவர் இருக்குமிடம் எனக்குத் தெரியாது, என் இடம் அவருக்குத் தெரியாது.

டோர் என்றாலே பத்திரம் என்பவர்களுக்கு 2007-ஐ நினைவூட்டுவேன். ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட், டோர் வழியே வரும் தகவல் சாதாரண இணையத்துக்குள் போகும் கடைசிக் கட்டமான 'வெளியேறும் கணினிகள்' சிலவற்றைத் தானே நடத்தி, பூட்டப்படாமல் போன மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பிடித்துப் பட்டியலாக வெளியிட்டார். அதில் இந்தியத் தூதரகக் கணக்குகளும் இருந்தன. ஆனியன் தளத்துக்கு வெளியேறும் கணினியே கிடையாது என்பதால் அந்த ஓட்டை இங்கில்லை.

எனக்கு வாய்த்த ஓட்டை வேறு. பராமரிப்புக்காக ஒருநாள் காலை 9 மணிக்குக் கரண்ட் போனது, தளமும் படுத்துவிட்டது. எந்தெந்த ஊரில் எப்போது கரண்ட் இருக்காது என்று முதல்நாளே பேப்பரில் போட்டுவிடுகிறார்களே! ஒருவன் பொறுமையாகத் தளம் படுக்கும் நேரங்களைக் குறித்துவந்து அந்த அறிவிப்புகளோடு ஒப்பிட்டால், நாலைந்து மாதத்தில் பட்டியல் சுருங்கிச் சுருங்கி என் தெருப்பக்கம் வந்து நின்றுவிடும். இத்தனை கணினிகளுக்குப் பின்னால் ஒளிந்து என்ன பயன்?

இன்வெர்ட்டரில் பெட்டியை மாட்டினேன், மோடத்தையும் மாட்டினேன். ஆனால் தெருமுனை இணையப் பெட்டிக்குக் கரண்ட் இல்லை, தளம் படுத்தே கிடந்தது. பிறகு, கரண்ட் இருக்கும் நாட்களிலும் இடையிடையே நானே தளத்தை அணைத்துப் பார்த்தேன். குழப்பலாம், ஏமாற்ற முடியாது. மின்தடை நாளிலெல்லாம் தளம் படுத்திருப்பது மாறவில்லையே.

என் தளத்தில் இருப்பது சமையல் குறிப்பும் பழைய ரயில் படங்களும்தான், ஊர்ப்பெயரையும் இங்கே நானே எழுதிவிட்டேன். அதனால் எனக்குக் கவலையில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் நண்பர் ஒருவர் வேலையிடத்து அனுபவங்களைப் பெயர் சொல்லாமல் எழுத ஆசைப்படுகிறார். அவருடைய பெட்டியை எந்த ஊரில் வைப்பது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்குவோம்.