பில்ட் கையில் இருக்கும் சாவி

எழுதிய கோடைச் சோதித்து, தொகுத்து, சர்வரில் ஏற்றுவதெல்லாம் இப்போது தானியங்கி பில்டின் வேலை. அதற்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கிளவுடு கணக்கின் டோக்கனும் தேவை. அவற்றைக் கோடில் எழுதிவைக்கக் கூடாதென்று பலருக்கும் தெரியும். ஜென்கின்ஸிலோ, கிட்ஹப்பின் சீக்ரெட்ஸ் பகுதியிலோ, ஹாஷிகார்ப் வால்ட்டிலோ பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் பில்ட் ஓடும் சில நிமிடங்கள் அந்தச் சாவி பூட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. திருடர்கள் காத்திருப்பதும் அந்த நிமிடங்களுக்குத்தான்.

2021 ஜனவரி 31 முதல் கோட்கோவ் நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் ஒன்றை யாரோ திருத்தி வைத்திருந்தார்கள். அதை ஓட்டிய பில்டுகளின் சூழல் மாறிகள், உள்ளிருந்த சாவிகளோடு, வெளி சர்வருக்குப் போயின. ஏப்ரல் 1 அன்றுதான் தெரியவந்தது. அதுவும் ஹாஷ் மதிப்பு பொருந்தவில்லையே என்று ஒரு வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்த்ததால்.

2025 மார்ச்சில் நடந்தது இன்னும் விவகாரமானது. 23,000க்கும் அதிகமான ரெப்போக்கள் பயன்படுத்திய 'சேஞ்ச்டு ஃபைல்ஸ்' என்ற கிட்ஹப் கருவியின் பழைய பதிப்பு டேக்குகளையே தீய கோடுக்குத் திருப்பிவிட்டார்கள். அது பில்ட் இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து சாவிகளை எடுத்து லாகில் அச்சிட்டது. பொது ரெப்போவின் லாகை யாரும் படிக்கலாம். சாவியை நட்சத்திரக் குறிகளால் மறைக்கும் வசதி என்னவாயிற்று? எழுத்துக்கு எழுத்து அதே சாவி வந்தால்தான் அது மறைக்கும். பேஸ்64 வடிவில் வந்ததைக் கண்டுகொள்ளவில்லை.

எனவே வெளியார் கருவியை டேக்கால் அழைக்காமல் முழு கமிட் ஹாஷால் அழையுங்கள். சாவியை பில்ட் முழுவதற்கும் திறந்துவிடாமல், தேவைப்படும் ஒரே படிக்குக் கொடுங்கள். முன்பின் தெரியாதவர் ஃபோர்க்கிலிருந்து அனுப்பும் கோடை, சாவி எட்டும் இடத்தில் ஓடவிடாதீர்கள். முடிந்த இடத்திலெல்லாம் நிரந்தரச் சாவியையே ஒழித்துவிடலாம்: ஓஐடிசி முறையில் பில்ட் தன் அடையாளத்தைக் காட்டி, சிறிது நேரத்தில் காலாவதியாகும் டோக்கனைக் கிளவுடிடமிருந்து பெற்றுக்கொள்ளும். என் பார்வையில், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதலில் மெனக்கெட வேண்டும்.

கசிந்துவிட்டால் கமிட்டையோ லாகையோ அழிப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்குள் நகல் எடுத்திருப்பார்கள். முதலில் சாவியைச் செல்லாததாக்கி, புதியது எடுங்கள். பிறகு பழைய சாவியால் யார், எங்கிருந்து நுழைந்தார்கள் என்று கிளவுடு பதிவுகளைப் பாருங்கள்.

இந்தியாவில் இது உள்வீட்டு விஷயமும் அல்ல. 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி, இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லியாக வேண்டும் என்கிறது. போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. சாவி கசிந்ததைக் கண்ட ஜூனியர் இன்ஜினியர், மேலாளர் திட்டுவாரோ என்று திங்கட்கிழமை வரை வாய்மூடியிருந்தால் அந்த 6 மணி நேரம் என்னாவது? வந்து சொன்னவரைத் திட்டமாட்டோம் என்பதை நிறுவனம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.