கறை படியாமல் கார் கழுவுவோம்

எங்கள் குடும்பத்தின் முதல் காரை அறுபது மாதத் தவணையில் வாங்கினோம். பிறருடைய கடன் விண்ணப்பங்களில் கையொப்பமிட்டுப் பழகிய கை, சொந்தக் கடனுக்குக் கையொப்பமிடுகையில் சற்றே தயங்கியது உண்மை. கார் கருப்பு நிறம். முகம் பார்க்கலாம் போல் பளபளத்தது. அடுத்த ஆண்டே பெங்களூருக்குப் பணிமாற்றல் வந்தது. காரும் உடன் வந்தது.

ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்குக் குடியிருப்பின் திறந்தவெளியில் காரை நிறுத்தி, ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயால் பீய்ச்சிக் கழுவுவோம். பழைய வேட்டித் துணியால் அங்கங்கே துடைத்துவிட்டு, மீதியை வெயில் காயவைத்துக் கொள்ளும் என்று விட்டுவிடுவோம். மூன்றே மாதங்களில் பானெட் முழுவதும் வெள்ளை வளையங்கள் தோன்றின. நீர்த்துளி இருந்த இடத்தில் அதன் வடிவிலேயே ஒரு வட்டக்கறை! தேய்த்தும் போகவில்லை. பாலிஷ் செய்யும் கடையில் கேட்ட தொகை, மாதத் தவணையில் பாதிக்கும் மேல். தூய்மைப்படுத்துவதாக எண்ணி நாங்களே பொருளைக் கெடுத்திருந்தோம்.

கறை எங்கிருந்து வருகிறது?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது பாறைகளில் உள்ள கால்சியம், மக்னீசியம் முதலிய தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. இதனையே கடின நீர் என்கிறோம். துளி காயும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது, தாதுக்கள் தங்கிவிடுகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் காரின் மேல் விழும் வளையமும் ஒரே இனத்தவை.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), கரைந்துள்ள மொத்தப் பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2,000 வரை அனுமதிக்கிறது. நீரில் இந்த அளவு 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை கழுவிய பின்னும் கால் லிட்டர் நீர் காரின் மீதே காய்ந்தால், கால் கிராம் உப்பு தங்குகிறது. ஐம்பத்திரண்டு வாரங்களுக்குப் பதின்மூன்று கிராம். வணிகவியல் படித்த நமக்கு இது தொடர்வைப்புக் கணக்கு போலத் தோன்றினாலும், முதிர்வில் கிடைப்பது நட்டமே.

கண்ணாடியிலும் இதே கறை படியும். இரவில் எதிரே வரும் வண்டியின் ஒளி பட்டால் அக்கறை கூசும், பாதை மறையும். ஆகவே இது அழகு பற்றிய கவலை மட்டுமன்று.

ஒரு கோடையின் பாடம்

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானது. கார் கழுவுதல் முதலியவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதை மாநகரக் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தில்லியிலும் குழாய் வைத்துக் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்றார்கள்.

எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு வற்றத் தொடங்கியிருந்தது. மூன்றாம் மாடியில் தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவர், எல்லாருக்கும் அஜ்ஜி, ஒரு ஞாயிறன்று இரு குடங்களுடன் கீழே வந்தார். எங்கள் காரிலிருந்து வழிந்து சாக்கடைக்குப் போகும் நீரைச் சற்று நேரம் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குடங்களை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். மாடியிலிருந்து கண்ட துணைவியார் மட்டும், “ஏங்க, அவங்க குடத்துக்கு இல்லாத தண்ணி நம்ம காருக்கு எதுக்குங்க?” என்றார். குழாயை அன்றே சுருட்டி வைத்தோம்.

பின்னர் அளந்து பார்த்தோம். எங்கள் குழாயில் 15 லிட்டர் வாளி ஒன்றேகால் நிமிடத்தில் நிறைந்தது. இருபது நிமிடம் திறந்துவிட்டால் 240 லிட்டர். அத்தனை நீரைக் கொட்டியும் கிடைத்தது கறைதான்.

ஐம்பது லிட்டரில் கழுவும் முறை

நேரம்: வெயில் ஏறுமுன் அதிகாலையிலோ, மாலையில் நிழலிலோ கழுவ வேண்டும். பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறும்வரை காத்திருங்கள். சூடான தகட்டின் மீது நீர் விரைந்து காயும். கறை அங்கேதான் பிறக்கிறது.

முதல் வாளி: தூசியை உலர்ந்த துணியால் தட்டக் கூடாது, மணல் துகள்கள் வண்ணப்பூச்சைக் கீறும். குவளையால் நீரை முகந்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊற்றித் தூசியை இறக்குங்கள்.

இரண்டாம் வாளி: இதன் நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கார் ஷாம்பூவைக் கலந்து, மற்றதைத் துணி அலச வைத்துக்கொள்ளுங்கள். துணி தூக்கும் மண் ஷாம்பூ நீருக்குத் திரும்பாமல் இது காக்கும். துணி துவைக்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டா. அவை மெழுகுப் பூச்சை அகற்றிவிடும். சக்கரங்களைக் கடைசியில், வேறு துணியால் துடைப்பது நல்லது.

மூன்றாம் வாளி: ஒரு பகுதியைத் தேய்த்ததும் அந்நுரை காயுமுன் அலசிவிட்டு, அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். முழுக் காருக்கும் நுரை பூசிவிட்டுப் பிறகு அலசலாம் என்பதே பலரும் செய்யும் பிழை.

இறுதி ஐந்து லிட்டர்: இரகசியம் இதில்தான் உள்ளது. கடைசி அலசலுக்குத் தாதுக்கள் குறைந்த நீர் வேண்டும். மழைநீர் நன்று. குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரும் அத்தகையதே. காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாவதால் அதில் தாதுக்கள் மிகக் குறைவு. எங்கள் கிளையின் ஏ.டி.எம். அறைக் குளிர்சாதன நீர் நாள்தோறும் பின்புறத்தில் வீணாகிக்கொண்டிருந்தது. மேலாளரிடம் முறைப்படி அனுமதி பெற்றே வாரம் ஒரு கேன் கொண்டுவந்தோம்! தூசி இருக்கக்கூடும் என்பதால் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீர் மட்டும் கூடவே கூடாது. அதில் உப்பு செறிந்திருக்கும். நீரைத் தெளிக்காமல், கூரையிலிருந்து மெல்லிய தாரையாக வழியவிட்டால் ஒட்டியுள்ள துளிகளையும் அது இழுத்துச் செல்லும்.

துடைத்தல்: சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் இரண்டு போதும். முதல் துணியை விரித்துப் பரப்பி மெல்ல இழுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டா. எஞ்சிய ஈரத்தை இரண்டாவது துணி வாங்கிக்கொள்ளும். பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, எண் பலகை ஆகியவற்றின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் நீர் சற்றுப் பொறுத்தே வழியும். கதவுகளை ஒருமுறை திறந்து மூடி, மறுபடியும் துடையுங்கள்.

மெழுகு பூசியிருந்தால் நீர் முத்துமுத்தாகத் திரண்டு எளிதில் உருளும். எனினும் முத்தாக நின்ற துளியும் காய்ந்தால் கறைதான். மெழுகு துடைப்பதை எளிதாக்குமேயன்றி, துடைக்கும் கடமையிலிருந்து விடுவிக்காது.

முன்பே கறை படிந்திருந்தால்

வெள்ளை வினிகரையும் தாதுக்கள் நீக்கிய நீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் குளிர்ந்திருக்கும் பகுதியில் ஓரிரு நிமிடங்கள் வையுங்கள். மென்மையான அமிலம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். உடனே நன்கு அலசித் துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. குளியலறைக்கான அமிலம், பாத்திரம் தேய்க்கும் நார், சாம்பல் ஆகியவற்றை அருகிலும் கொண்டுவராதீர்கள்.

அதற்கும் மறையாத வளையம் வண்ணத்தின் மேலுள்ள தெளிந்த பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ் ஒன்றே வழி. பாலிஷ் என்பது அப்பூச்சின் மேல்தளத்தைச் சிறிதளவு தேய்த்து எடுப்பதாகும். அசலில் கை வைப்பதற்கு ஒப்பானது. அடிக்கடி செய்ய இயலாது.

காப்பீடு இதற்கு ஈடு தருமா என்று வாடிக்கையாளர் சிலர் கேட்டதுண்டு. விபத்துச் சேதத்துக்கே காப்பீடு. நாளடைவில் ஏற்படும் தேய்மானம் அதில் அடங்காது. காப்பீட்டு மதிப்பைக் கணிக்கையில் வண்டியின் நான்காம் ஆண்டில் 40 விழுக்காடும் ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடும் கழிப்பது வழக்கம். காலம் கழிப்பதைத் தடுக்க நம்மால் இயலாது. நம் கவனக்குறைவு கழிப்பதையேனும் தடுக்கலாம் அல்லவா?

எங்கள் காருக்கு இன்னும் சில தவணைகள் மீதமுள்ளன. பானெட்டில் இரண்டு வளையங்கள் மட்டும் போகாமல் நிற்கின்றன. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஞாயிறு அதிகாலையில் மூன்று வாளியும் ஒரு கேனுமாக நாங்கள் கழுவும்போது அஜ்ஜி அவ்வழியே போவார். இப்போது அவர் நின்று பார்ப்பதில்லை, தலையசைத்துவிட்டு நடந்துவிடுகிறார். வரும் ஞாயிறன்று காரைத் தொடுமுன் நீங்களும் உங்கள் குழாயடியில் ஒரு வாளியை வைத்து, எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று அளந்து பாருங்கள். மீதிக் கணக்கை நீங்களே போட்டுவிடுவீர்கள்.