தேங்காய் அரைத்துவிட்ட பருப்புக் கடைசல்

தேங்காய் அரைத்துவிட்ட பருப்புக் கடைசல் என்பது, வேகவைத்த பருப்பையோ பயறையோ மத்தால் கடைந்து, அரைத்த தேங்காயைக் கடைசியில் சேர்த்துத் தாளித்து இறக்கும் கெட்டியான குழம்பு வகையாகும். சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் சோற்றுக்கும் ராகிக் களிக்கும் இது அன்றாடம் உடன் வைக்கப்படும் உணவு. பச்சைப்பயறு, பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, கொள்ளு ஆகிய எதிலும் செய்யலாம். பேச்சுவழக்கில் "பருப்பு கடைஞ்சது", "பயறு கடைஞ்சது" என்பர்.

இதில் பாலோ பாலாடையோ சேர்வதில்லை. குழைவு பருப்பின் வேக்காட்டிலிருந்தும் மத்திலிருந்தும் வருகிறது; தேங்காய் மணமும் வழவழப்பும் சேர்க்கிறது. எனவே கடைசல் திப்பிதிப்பியாக நிற்கும்போது தேங்காயைக் கூட்டிப் பயனில்லை. இப்பகுதியில் பெரும்பாலும் குறை தண்ணீரில் இருக்கும்.

நிலமும் பொருளும்

நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாகச் செயல்படுகிறது. அதற்கு முன் சேலம் மாவட்டத்தின் பகுதி. இரண்டிலும் மானாவாரி நிலம் அதிகம். மழையை நம்பிச் சோளம், நிலக்கடலை விதைக்கும் காடுகளில் பயறு வகைகளும் ஊடுபயிராக வரும். தென்னை அப்படியன்று. மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரை ஊர்களிலும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலும்தான் அது செழிக்கும். ஆகவே மேட்டுக்காட்டுச் சமையலில் பருப்பு தாராளம், தேங்காய் அளவாக. இலங்கையில் பருப்புக் கறியைத் தேங்காய்ப்பாலில் வைப்பார்கள். இங்கே நான்கு பேருக்கு அரை மூடிக்கும் குறைவான தேங்காய் போதும்.

தண்ணீர்

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வேகும்போது அது கரைந்து செல்கள் பிரிகின்றன. அதைத்தான் "பருப்பு மலர்ந்தது" என்கிறோம். தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் அவை பெக்டினோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்குகின்றன. சேலம், நாமக்கல் பகுதி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் இத்தகைய கடின நீர். ஊரில் "உப்புத் தண்ணி" என்பார்கள். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு முழுசாகவே நிற்பது இதனால்தான். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியே ஊர்களுக்கு வருகிறது. குழாயில் அந்த நீர் வரும் நாளில் பருப்புக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்துவைக்கும் வழக்கம் வெறும் பழக்கமன்று, வேதியியல்.

காவிரி நீர் கிடைக்காதபோது, பத்தாம் வகுப்புக்குள் எல்லோரும் படித்துவிடும் ஒரு பாடம் கைகொடுக்கும். பைகார்பனேட்டுகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்கவைத்தால் நீங்கும். பாத்திரத்தின் உட்புறம் படியும் வெள்ளைக் காரை அதுவே. நீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்தபின் மேல்நீரை மட்டும் இறுத்துப் பருப்பு வேகவைக்கலாம். குளோரைடு, சல்பேட் உப்புகளால் வரும் நிரந்தரக் கடினத்தன்மை இதில் போகாது. அத்தகைய இடங்களில் மழைநீரோ சுத்திகரித்த நீரோதான் வழி. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் பருப்பு கரையும். ஆனால் காரத்தன்மையில் தயமின் என்னும் வைட்டமின் பி1 அழிவதோடு, ருசியிலும் ஒரு சவர்க்கார வாடை தெரியும். அதைப் பரிந்துரைக்க முடியாது.

உப்பை முதலிலேயே போட்டால் பருப்பு வேகாது என்று பரவலாகச் சொல்வதுண்டு. சாப்பாட்டு உப்பில் உள்ள சோடியம் பெக்டினை இறுக்குவதில்லை. பழி தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. புளியும் தக்காளியும் வேறு. புளிப்பு பெக்டினைக் கரையவிடாது என்பதால், அவை பருப்பு மலர்ந்தபின் சேர்வதே முறை. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பழம்பயறும் எளிதில் வேகாது. அதற்குத் தண்ணீரை நொந்து பயனில்லை.

மத்தும் மிக்சியும்

வெந்த பருப்பில் மாவுச்சத்து செல்களுக்குள்ளேயே இருக்கும். மர மத்து செல்களைப் பிரித்துவிடுகிறது, பெரும்பாலும் உடைப்பதில்லை. அதனால் கடைசல் வழவழப்பாக இருக்கும், பிசுபிசுப்பதில்லை. மிக்சியின் கத்தியோ செல்களை அறுத்து மாவுச்சத்தை வெளியே விட்டுவிடும். அப்போது அது பசைபோல் இழுபடும், ஆறினால் களியாகும். நேரமில்லாத வீட்டில் மிக்சி வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நன்கு வெந்த பயறுக்கு மத்து மூன்று நிமிட வேலைதான், மிக்சிச் சாடியைக் கழுவும் நேரம்கூட ஆகாது. அடி கனத்த மண்சட்டியோ கல்சட்டியோ இருந்தால் அதிலேயே கடையலாம், சூடும் நெடுநேரம் நிற்கும்.

செய்முறை

நான்கு பேருக்குப் பச்சைப்பயறு 200 கிராம் எடுத்து, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் இலேசாக வறுத்துக் கழுவவும். 800 மில்லி தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஐந்து பல் பூண்டு, ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்து வேகவைக்கவும். எண்ணெய் நுரை பொங்கி வழியாமல் தடுக்கும். பழைய வீடுகளில் இதற்கு விளக்கெண்ணெய் விடுவார்கள். திறந்த சட்டியில் முக்கால் மணி நேரம் ஆகலாம், குக்கரில் நான்கைந்து விசில். ஒரு பயறை விரல்களுக்கு இடையே நசுக்கினால் நடுவில் வெள்ளைக் கரு தெரியக்கூடாது.

பிறகு உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, பச்சை மிளகாய் நான்கு, தக்காளி இரண்டு, உப்பு சேர்த்து மேலும் பத்து நிமிடம் வேகவிடவும். மேலே நிற்கும் நீரை ஒரு கிண்ணத்தில் வடித்துவைத்துவிட்டுக் கடையவும். நீரோடு கடைந்தால் மத்துக்கு அடியில் பயறு வழுக்கி ஓடும். கடைந்தபின் அந்த நீரை வேண்டிய அளவு திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். ஆறும்போது கடைசல் இறுகும் என்பதால், அடுப்பில் இருக்கையில் சற்றுத் தளர்வாக இருப்பது நல்லது.

தேங்காய்த் துருவல் 50 கிராம், சீரகம் ஒரு தேக்கரண்டி, கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை வெண்ணெய்போல் அரைத்து ஊற்றவும். ஓரத்தில் சிறு குமிழி கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் தேங்காயின் புரதம் திரிந்து எண்ணெய் தனியே பிரியும், வழவழப்பு போய்விடும். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. துவரம்பருப்பாக இருந்தால் சோற்றில் பிசையும்போது ஒரு கரண்டி நெய் விடுவார்கள். நெய்க்குப் பேர்போன ராசிபுரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கொள்ளில் மேல்தோல் தடிப்பு. முந்தின இரவே ஊறப்போட்டு, வேகவைத்து, வடித்த நீரை ரசத்துக்கு வைத்துக்கொள்வர். வெந்த கொள்ளை மத்தால் மட்டும் மசிப்பது கடினம். ஆட்டுக்கல்லிலோ மிக்சியிலோ ஒரு சுற்றுச் சுற்றிப் பிறகு கடைவது இதற்கு மட்டும் சரி.

சத்து

100 கிராம் பச்சைப்பயறில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. மேற்சொன்ன அளவில் ஆளுக்கு 12 கிராம் கிடைக்கும். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியிலும் ராகியிலும் உள்ளது. தானியத்தில் குறைவான லைசின் பருப்பில் உள்ளது. 100 கிராம் பச்சைத் தேங்காயில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. 50 கிராம் தேங்காயை நான்கு பேர் பகிர்ந்தால் ஒருவருக்குச் சுமார் 4 கிராம்தான் சேரும்.

தேங்காய் சேர்ந்த கடைசல் கோடையில் மாலைக்குள் ஊசிவிடும். மறுவேளைக்கும் வேண்டுமென்றால், தேங்காய் ஊற்றும் முன்பே ஒரு பங்கை எடுத்து ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கவும். பரிமாறும் நேரத்தில் அதைச் சுடவைத்து, அப்போது அரைத்த தேங்காயைச் சேர்த்துக்கொள்ளலாம்.