டூட்டி முடிந்தும் அடிக்கும் போன்: மருத்துவப் பணியாளர்கள் தனியுரிமையைக் காத்துக்கொள்வது எப்படி?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் திரும்பும் கூட்டத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். டூட்டி முடிந்த பிறகும் சிலர் கழுத்தில் மருத்துவமனை ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருக்கும். முன்பக்கம் போட்டோ, பெயர், பிரிவு. சில கார்டுகளில் பின்பக்கம் வீட்டு முகவரியும் செல்போன் எண்ணும் இருக்கும். பக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம்.

வார்டுக்குள் கதை வேறு. "உங்க நம்பர் குடுங்க சிஸ்டர், அம்மாவுக்கு ஏதாவதுன்னா கேட்டுக்கறேன்." இப்படிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே பயம்தான் காரணம். ஆனால் அந்த எண் ஒருமுறை கைமாறிவிட்டால், நள்ளிரவு 'ஹாய்' மெசேஜ் முதல் மிரட்டல் வரை எதற்கும் அது வழியாகிவிடலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். அதன் பிறகு அரசு மருத்துவமனைகளில் நோயாளியுடன் இருப்பவர்களுக்குக் கையில் கட்டும் வண்ண டேக் முறை பேசப்பட்டது.

அதற்கு மூன்று மாதம் முன்பு, 2024 ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெயரும் படமும் சமூக வலைதளங்களில் பரவின. அவற்றை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத பாதுகாப்பு மட்டுமல்ல, இறந்த பிறகு கிடைக்க வேண்டிய அந்தரங்கமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2008 முதல் மருத்துவப் பணியாளர்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. டாக்டர், நர்ஸ், மருத்துவ மற்றும் நர்சிங் மாணவர்கள், பாராமெடிக்கல் ஊழியர்கள் எல்லோரும் இதில் அடக்கம். தாக்கினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதாரத் துறை இன்னொன்றையும் சொன்னது: பணியில் இருப்பவர் மீது வன்முறை நடந்தால், 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே எஃப்.ஐ.ஆர். பதிவுசெய்ய வைக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு நிறுவனத் தலைவர்.

ஆனால் ஒரு இடைவெளி இருக்கிறது. இந்த ஏற்பாடுகளின் கண் மருத்துவமனை மீதுதான். இரவு 11 மணிக்கு வீட்டில் இருக்கும்போது வரும் போனுக்கு? அங்கே பொதுச் சட்டம்தான். பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி, விருப்பம் இல்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தொடர்புகொள்ள முயல்வதும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம். மிரட்டலுக்கு 351-வது பிரிவு. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். யார் என்று தெரியாமல் மறைந்திருந்து மிரட்டினால் கூடுதல் தண்டனையும் உண்டு.

சட்டம் எல்லாம் சம்பவம் நடந்த பிறகுதான் வேலை செய்யும். அதற்கு முன்பு போட வேண்டிய பூட்டு, உங்கள் போன் நம்பர்.

ஒரு நம்பரில் என்னென்ன தெரியும்?

வாட்ஸ்அப்பில் சேமித்தால் புரொஃபைல் போட்டோ. யு.பி.ஐ. ஆப்பில் தட்டினால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர். ட்ரூகாலரில் மற்றவர்கள் சேமித்து வைத்த பெயர், சில நேரம் 'கவிதா நர்ஸ் தில்லை நகர்' என்ற அளவுக்கு. பெயர் கிடைத்தால் ஃபேஸ்புக், இன்ஸ்டா. அங்கே குழந்தையின் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டோ. நாலைந்து தட்டலில் ஒரு அந்நியர் வீட்டு வாசல் வரை வந்துவிடலாம்.

இன்றே செய்யக்கூடியவை:

• வேலைக்குத் தனி சிம். ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைக்கலாம். டூட்டி முடிந்ததும் வேலை எண்ணை ஆஃப் செய்யுங்கள்.

• வாட்ஸ்அப் பிரைவசியில் புரொஃபைல் போட்டோ, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் மூன்றையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். குரூப்பில் சேர்க்கும் அனுமதியையும் அப்படியே. தெரியாத எண்களின் அழைப்பைச் சைலன்ட் ஆக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

• கிளினிக் கட்டணத்துக்கு ரிசப்ஷனில் இருப்பவரின் சொந்த க்யூ.ஆர். கோடு வேண்டாம். கிளினிக் கணக்கின் கோடு போதும்.

• யூனிஃபார்முடன் ரீல்ஸ் போடும்போது யோசியுங்கள். வார்டு, ஷிப்ட் நேரம், பின்னால் படுத்திருக்கும் நோயாளி மூன்றும் அதில் தெரியும். நோயாளியின் அந்தரங்கமும் உங்கள் பொறுப்புதான்.

• கேட்டைத் தாண்டியதும் ஐடி கார்டு பைக்குள்.

வீடு தேடிப் போகிறவர்களுக்கு?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியானாலும் அடையவளஞ்சான் வீதியானாலும், கதவைத் தட்டும் பெண் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார். இவர்களுக்கு நிலைமை தலைகீழ்: நோயாளி அவர் இடத்தில் இருக்கிறார், ஊழியர்தான் வெளியாள்.

அன்றைய வீடுகளின் வரிசையைச் சக ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போவது, லைவ் லொகேஷனை ஒரே ஒரு நம்பிக்கையான ஆளுக்கு மட்டும் அனுப்புவது, பி.பி. பார்ப்பதைத் திண்ணையிலோ கதவு திறந்த முன்னறையிலோ வைத்துக்கொள்வது. இவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் உதவும். தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசர பட்டன் இருக்கிறது. 112 எண்ணும் உண்டு.

நோயாளிக்குத் தெரிய வேண்டாமா?

நியாயமான கேள்வி. தனக்கு ஊசி போடுவது யார் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. பிரிட்டனில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற மருத்துவர் கேட் கிரேஞ்சர், ஊழியர்கள் தங்கள் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும் என்று 2013-ல் ஒரு இயக்கமே தொடங்கினார். பெயர் சொல்வது நம்பிக்கை தரும். ஆனால் பெயர் வேறு, வீட்டு விலாசம் வேறு. ஆஸ்திரேலியா, கனடாவில் சில மருத்துவமனைகள் பேட்ஜில் முதல் பெயரை மட்டும் அச்சிடுவது இதனால்தான். 'கவிதா, செவிலியர்' என்பது நோயாளிக்குப் போதும். மீதி விவரம் நிர்வாகத்திடம் இருந்தால் சரி.

நிர்வாகத்தின் கடமை என்ன?

எல்லாவற்றையும் ஊழியர் தலையில் கட்ட முடியாது. வார்டுக்கென்று ஒரு போன் இல்லாதபோதுதான் சிஸ்டரின் சொந்த எண் வார்டு எண்ணாகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் வார்டு எண்ணை அச்சிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நோயாளிக்கும் எந்த ஷிப்டிலும் யாராவது பதில் சொல்வார்கள்.

இது தயவு அல்ல. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், அங்கே தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்கிறது. நோயாளியுடன் வருபவரும் அதில் அடக்கம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன கிளினிக் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

தொல்லை தொடங்கிவிட்டால்?

கோபத்தில் மெசேஜை அழித்துவிடாதீர்கள். 'இனி தொடர்புகொள்ள வேண்டாம்' என்று ஒரே ஒரு முறை எழுதி அனுப்புங்கள். எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். நிர்வாகத்துக்கு வாய்மொழியாக அல்ல, எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது.

வேலை புத்தூரில், வீடு ஸ்ரீரங்கத்தில். எந்த ஸ்டேஷன் என்ற குழப்பம் வேண்டாம். எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிய இப்போது சட்டத்திலேயே இடம் இருக்கிறது. "எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது.

அடுத்த முறை யாராவது "நம்பர் குடுங்க சிஸ்டர்" என்று கேட்டால், முகம் சுளிக்காமல் சொல்ல ஒரு பதில் வேண்டும்: "இது வார்டு நம்பர், எப்ப வேணா கூப்பிடுங்க, யாராவது எடுப்பாங்க." அப்படிச் சொல்ல ஒரு நம்பரை வாங்கித் தருவது நிர்வாகத்தின் வேலை. கேட்டு வாங்குவது ஊழியர்களின் உரிமை.