காணாத குருவியும் கணக்கில் வரும்

ஆண்டுதோறும் உலகச் சிட்டுக்குருவி தினமாகிய மார்ச் மாதம் 20ஆம் தேதி பொழுது விடியும்போதே நம்முடைய கைபேசிகளில் குருவிகள் வந்து இறங்கிவிடுகின்றன. அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டுக் கூடு செய்த பள்ளிப் பிள்ளைகள் அதைக் கையில் ஏந்தி வரிசையாக நிற்கும் படங்களும், மண்சட்டியில் கம்பு இடும் ஆசிரியரின் புன்னகையும், சோகமான புல்லாங்குழல் பின்னணியில் ஒலிக்க ஒற்றைக் குருவி ஆகாயத்தைப் பார்த்திருக்கும் ரீல்ஸும், எல்லாவற்றுக்கும் மேலாக, கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சினாலேயே இந்தச் சின்னஞ்சிறு ஜீவன் அழிந்துபோயிற்று என்று கைபேசியின் மூலமாகவே நமக்கு அறிவிக்கும் ஃபார்வர்டுகளும் அந்தி சாய்வதற்குள் ஒரு சுற்று வந்து ஓய்கின்றன. 2018இல் வெளிவந்த ‘2.0’ திரைப்படத்தில் பக்ஷிராஜன் என்னும் பாத்திரம் இந்தக் குற்றச்சாட்டையே உயிர்மூச்சாகக் கொண்டு உலவிய பிறகு, இதில் சந்தேகம் எழுப்புகிறவன் குருவிக்கே விரோதி என்று கருதும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது. மறுநாள் 21ஆம் தேதி குருவியைப் பற்றிப் பேசுவாரில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு, மாவட்ட அளவில் நடந்த குழந்தைகள் அறிவியல் மாநாடு ஒன்றில் நடுவர்களுள் ஒருவனாக உட்காரும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. 10 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலுள்ள ஏதேனும் ஒரு பிரச்சினையைத் தாங்களே நேரில் ஆராய்ந்து, தாய்மொழியிலேயே எடுத்துரைக்கலாம் என்னும் இந்த ஏற்பாடு 1993இலிருந்து தேசிய அளவில் நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அன்று என் முன்னால் நின்ற இரண்டு சிறுமிகள், தங்கள் தெருவில் முப்பது நாள் காலைவேளையில் குருவிகளை எண்ணியிருந்தார்கள். சார்ட் தாளில் வர்ணம் தீட்டிய படங்களும், ஆசிரியையின் பெயரில் தொடங்கிய இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு எத்தனை லைக் வந்தது என்ற விவரமும் முன்னால் இருந்தன. அவற்றுக்கு அடியில், எண்ணெய்க்கறை படிந்த ஒரு கோடுபோட்ட நோட்டு கிடந்தது. அதைப் புரட்டினேன். பதினோரு நாட்களுக்கு நேரே ‘சிட்டுக்குருவி 0’ என்று எழுதியிருந்தது. இதை ஏன் இன்ஸ்டாகிராமில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவர்களுள் மூத்தவள் சிறிதும் தயங்காமல், “குருவி இல்லாத அன்னிக்கு என்ன சார் போட்டோ எடுக்கிறது? அதைப் போட்டா யாரும் பாக்கவும் மாட்டாங்க” என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் வாஸ்தவம். சமூக ஊடகம் என்பது கண்டதைக் காட்டுவதற்கென்றே அமைந்த மேடை. காணாததைக் காட்டுவதற்கு அதில் இடம் கிடையாது. விஞ்ஞானமோ, கண்டதற்குச் செலுத்தும் அதே சிரத்தையைக் காணாததற்கும் செலுத்தினாலன்றி ஓரடியும் முன்னால் நகராது. மாணவர்களின் ஆய்வுகளையும் சுற்றுச்சூழல் பிரசாரத்தையும் கைபேசி வழியாக ஜனங்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்று நாம் அவர்களுக்கு உபதேசிக்கிறோமே, அந்த முயற்சியின் சங்கடமெல்லாம் இந்த ஒரு முரண்பாட்டிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

லண்டனில் நடந்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1925ஆம் ஆண்டில், இருபத்தொரு வயது இளைஞராயிருந்த மாக்ஸ் நிக்கல்ஸன் என்பவர் கென்ஸிங்டன் தோட்டத்துக்குப் போய் அங்கிருந்த சிட்டுக்குருவிகளை எண்ணினார், 2,603 இருந்தன. அதே தோட்டத்தில் 1948இல் எண்ணியபோது 885தான் தேறின. பிற்காலத்தில் உலகறிந்த இயற்கையியலாளராக விளங்கிய அந்த மனிதர், தொண்ணூறு வயதைத் தாண்டிய பின்னர், 2000ஆம் ஆண்டில் நடந்த கணக்கெடுப்பிலும் பங்கு கொண்டார்; அன்று கிடைத்தவை எட்டே குருவிகள். இதில் கவனிக்க வேண்டியது, முதல் பெருவீழ்ச்சி நிகழ்ந்த காலத்தில் உலகத்தில் ஒரு கைபேசிக் கோபுரமும் இருந்ததில்லை என்பதே. வீதிகளிலிருந்து குதிரை வண்டிகள் மறைந்ததும், அவற்றின் தீனிப்பைகளிலிருந்து சிந்திய தானியம் இல்லாமற்போனதும் அக்காலத்துக்குப் பொருந்திய காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஓர் இளைஞன் வெறுமனே எண்ணி எழுதி வைத்த எண், ஒரு நூற்றாண்டு கழித்து ஒரு வதந்திக்கு மறுப்பாக நிற்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய கணக்கு இப்போது சேர்ந்து வருகிறது. அதைச் சேர்ப்பதற்குச் சமூக ஊடகமே பெருந்துணை செய்திருக்கிறது என்பதையும் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய பிப்ரவரி மாதப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியர்களும் கலந்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015இலிருந்து பொங்கல் விடுமுறையை ஒட்டித் தனியே ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அழைப்பு பரவுவதால், கல்லூரி வளாகங்களிலிருந்தும் கிராமத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். செய்ய வேண்டிய வேலை மிக எளியது: ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, கண்ட பறவைகளையும் காதில் விழுந்த குரல்களையும் எண்ணிக்கையோடு எழுதி, ‘ஈபேர்ட்’ செயலியில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றும்போது அச்செயலி இறுதியாக ஒரு கேள்வி கேட்கிறது. உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா என்பதே அந்தக் கேள்வி. ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால், பட்டியலில் இல்லாத பறவை அங்கே அப்போது தென்படவில்லை என்று பொருளாகிறது. அந்தச் சிறுமிகளின் பூஜ்யத்துக்கு மதிப்புக் கொடுக்கும் இடம் அந்த ஒற்றைச் சொல்தான். காகத்தையும் மைனாவையும் இழிவாக நினைத்து விட்டுவிட்டு, அரிதான ஒரு பறவையை மட்டும் பெருமையோடு பதிகிறவரின் பட்டியலுக்கு அந்த மதிப்பு இல்லை.

இப்படிப் பல்லாயிரம் பேர் பதிந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து, 867 பறவையினங்களின் நிலையைக் கூறும் அறிக்கை 2020இல் வெளியாயிற்று. 2023இல் வந்த இரண்டாம் அறிக்கையோ 942 இனங்களைப் பற்றியும், மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டும் பேசிற்று. சிட்டுக்குருவியைப் பற்றி முதல் அறிக்கை சொன்னது பலருக்கு ஆச்சரியத்தையும், சிலருக்கு ஏமாற்றத்தையும்கூட அளித்திருக்கும்: நாட்டை மொத்தமாகப் பார்க்கும்போது, இருபத்தைந்து ஆண்டுகளாக அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் படிப்படியாகக் குறைந்து வருகிறது. நகரத்துக் குருவிக்கு வந்த கஷ்டம் என்னவென்று நம்முடைய பழைய ஓட்டு வீடுகளை நினைத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். உத்திரத்து இடுக்கும், சுவரில் சாய்த்து மாட்டிய சாமி படத்தின் பின்புறமும், தாழ்வாரத்தில் தொங்கிய நெற்கதிர்க் குஞ்சமும் போய்விட்டன. குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்கு வேண்டிய புழு பூச்சிகள் உலவும் புதரும் புழக்கடையும் போய்விட்டன. இதையெல்லாம் விளக்கப் புகுந்தால் முப்பது விநாடி ரீல்ஸில் அடங்காது. கோபுரத்தைக் காட்டிவிடுவது சுலபம்.

இருந்தபோதிலும் சமூக ஊடகத்தை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. வயல்வரப்பில் கூட்டமாக இறங்கும் பறவைகளைப் படம் பிடித்து, ‘எங்கள் ஊரில் நூறு சிட்டுக்குருவி’ என்று ஒரு மாணவன் உத்ஸாகத்தோடு பதிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் முன்பின் தெரியாத ஒருவர், ‘தம்பி, இவை தூக்கணாங்குருவிகள், கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகு ஆண் பறவையும் தன் மஞ்சள் நிறத்தை இழந்து பெண் சிட்டுக்குருவியைப் போலவே தோன்றும், அலகின் தடிப்பைப் பாருங்கள்’ என்று எழுதுகிறார். புகழ்ச்சியைத் தேடிப் போனவனுக்குத் திருத்தம் கிடைக்கிறது. ஆயிரம் லைக்குகளைவிட இந்த ஒரு வரி மேலானது என்பது என் அபிப்பிராயம். பம்பாயில் ஒரு சிறுவன் தன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு சந்தேகப்பட்டு, அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசற்படி ஏறியபோது, அங்கே செயலாளராயிருந்த மில்லார்ட் துரை அவனை விரட்டாமல், அலமாரியைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார் அல்லவா? அந்தச் சிறுவன்தான் பிற்காலத்துப் பறவையியல் அறிஞர் சலீம் அலி. அத்தகைய வாசற்படி இன்று ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் இருக்கிறது. உள்ளே மில்லார்ட் இருப்பாரா, வம்புக்காரர் இருப்பாரா என்பதுதான் நிச்சயமில்லை.

வட்டம் சிறிதாக இருந்தால் இந்த ஊடகம் எவ்வளவு செம்மையாக வேலை செய்யும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியைச் சொல்வேன். 2020இல் அவ்வூரின் தெருவிளக்குகளுக்குரிய சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டிருப்பதைப் பார்த்த ஓர் இளைஞர், அதைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். விவாதம் நடந்தது, ஆட்சேபணைகளும் எழுந்தன, கடைசியில், குஞ்சு பொரித்துப் பறந்துபோகும் வரையில், ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊர் தெருவிளக்கில்லாமல் இருளில் நடமாடிற்று. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சில நூறு பேராகத்தான் இருக்க முடியும். ஆனால் பார்த்த ஒவ்வொருவருக்கும் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது.

அதே படம் ஓர் ஆந்தைக் கூட்டினுடையதாகவோ தேவாங்கினுடையதாகவோ இருந்து, இடக்குறிப்போடு ஊர் கடந்து பரவியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணவே அச்சமாயிருக்கிறது. காமிராவோடு வருகிறவர்களின் நெரிசலும், கண்ணியோடு வருகிறவர்களின் வேட்டையும் ஒரே முகவரியைத்தான் தேடும். ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள், ஆபத்துக்குள்ளான உயிரினங்கள் காணப்பட்ட இடத்தைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றன. நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அந்தப் புத்தி கிடையாது, நாம்தான் சொல்லித்தர வேண்டும். பறவையின் முகவரியைப் போலவே பிள்ளையின் முகமும் பள்ளியின் பெயரும் காக்கப்பட வேண்டியவை. ஆசிரியையின் பெயரில் பக்கத்தை நடத்திய அந்தப் பள்ளியின் முன்யோசனையை நான் மெச்சினேன்.

மாநாட்டில் அந்தச் சிறுமிகளுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. காகிதக் கூழில் எரிமலை செய்து புகை வரவைத்த ஒரு குழு மற்ற நடுவர்களை மயக்கிவிட்டது. நான் அவர்களைத் தனியே அழைத்து, குருவி வராத நாளில் அந்த நோட்டின் பக்கத்தையே படம் எடுத்துப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நம்பியதாகத் தெரியவில்லை. பத்து நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கோடுபோட்ட தாள் ஒன்றின் படம், சற்றே சாய்ந்தவாக்கில் இருந்தது. காலை மணி 6.40, காகம் 9, மைனா 4, தவிட்டுக்குருவி 7, சிட்டுக்குருவி 0. மூன்று பேர் லைக் போட்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவன் நான்.