செய்நிரலில் ஏடெழுதுவோன்

தமிழாசிரியர்க்குக் கணினிச் செய்நிரலில் என்ன அலுவல் என வினவுவார் உளர். இலக்கணம் உள்ள இடத்தில் எமக்கும் அலுவலுண்டு.

செய்நிரலின் இலக்கணத்தை ஆராய்வது தொகுப்பான். அதற்கு முன்னே வருவது முன்செயலி. இஃது ஏடு பெயர்த்தெழுதுவோனை ஒத்தது, இலக்கணம் அறியாது. இன்ன பெயர் வரையறுக்கப்பட்டிருப்பின் இவ்வரிகளைக் கொள்க, இன்றேல் தள்ளுக என்னும் கட்டளையை மாத்திரம் நிறைவேற்றும்.

டெனிஸ் றிச்சி 1972 அளவில் ஆக்கிய சீ மொழி, சார்பின் பெயரை இயல்பாகவே விட்டுவைக்கும். பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய சீ பிளஸ் பிளஸ், ஒரு பெயரையே பல சார்புகளுக்கு இட இடந்தருவது. ஆதலால், அவை ஏற்கும் தரவுகளின் வகையையும் பெயரோடு புணர்த்துத் திரித்துவிடும். இருமொழியும் விரவிய செய்நிரலில் திரிந்த பெயரைத் தேடும் இணைப்பான், இயற்பெயரைக் கண்டும் அறியாது நின்றுவிடும்.

பெயரைத் திரியாதே எனப் பணிக்கும் 'எக்ஸ்டேர்ண் சீ' என்ற தொடரோ, சீ மொழியில் வழுவாகும். எனவே சீ பிளஸ் பிளஸ் தொகுப்பான் தானே வரையறுக்கும் பெயரொன்றை நிபந்தனையாக்கி, பொதுத் தலைப்புக் கோப்பில் அதனை எழுதுவர். சீ தொகுப்பானின் கண்ணில் அது படுவதேயில்லை.

வின்டோஸ், லினக்ஸ் எனத் தளம் வேறுபடும்போதும் இம்முறையே. இடரும் இங்கேதான். 'இஃப்' நிபந்தனையில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் முன்செயலி முறையிடாது. அறியாப் பெயரைப் பூச்சியமெனக் கொண்டு உரிய வரிகளை வாளா நீக்கிவிடும். மாணவர் பிழைக்கு நாம் சிவப்புக் கோடிடுவோம். இதுவோ பக்கத்தையே கிழித்துவிடுகின்றது! ஜீசீசீ தொகுப்பானில் 'அண்டெஃப்' எச்சரிக்கையைக் கேட்டுப் பெற்றால் இப்பிழை வெளிப்படும்.