நகம் உரசும் சத்தம்

முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை, காதுக்குத்தான் கேட்கிறது. பதினோரு வயதுக் கோர்கி சிமெண்ட் பாதையில் நடந்து போகும்போது ஒரு கால் மட்டும் 'சர்ர்... சர்ர்...' என்று தரையை உரசுகிறது. உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னங்காலின் நடு இரண்டு நகங்கள் மட்டும் மழுங்கத் தேய்ந்திருக்கின்றன. முள் இல்லை, காயம் இல்லை, வீக்கம் இல்லை. அமுக்கிப் பார்த்தாலும் நாய் கத்துவதில்லை. சாப்பாட்டுத் தட்டின் ஓசை கேட்டால் பழைய வேகத்தில்தான் ஓடி வருகிறது. வாசலில் திரும்பும்போது மட்டும் பின்பகுதி ஒரு பக்கமாகச் சரிகிறது.

வயதாகிவிட்டது, மூட்டுத் தேய்ந்திருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். சில வாரங்கள் கழித்து, அதே பாதம் குப்புற மடங்கி, மேல்புறம் தரையில் பட நிற்பதைப் பார்க்கும்போதுதான் இது வேறு ஏதோ என்று உறைக்கும். பெம்புரோக் வெல்ஷ் கோர்கி வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படும் புதிர் இப்படித்தான் தொடங்குகிறது: வலியே இல்லாமல், பின்னாலிருந்து முன்னால் ஏறிவரும் ஒரு தளர்ச்சி.

கோர்கி வேல்ஸ் நாட்டு நாய். வெல்ஷ் மொழியில் 'கோர்' என்றால் குள்ளம், 'கி' என்றால் நாய். மாடுகளின் குதிகாலைக் கடித்து விரட்டி ஓட்டுவது அதன் பரம்பரை வேலை. மாடு உதைத்தால் கால் தலைக்கு மேலே வீசிப் போகும். அவ்வளவு தாழ்ந்த உடம்பு. 1934-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் பெம்புரோக், கார்டிகன் என்று இரண்டு தனி இனங்களாக இவற்றைப் பதிவு செய்தது. இரண்டாம் எலிசபெத்துக்கு 1944-ல் பதினெட்டாம் பிறந்தநாள் பரிசாக வந்த சூசன் ஒரு பெம்புரோக். அரண்மனையில் அதன் வழித்தோன்றல்கள் 2018 வரை வாழ்ந்தன. உலகம் கோர்கியை அறிந்தது பெரும்பாலும் அந்தப் புகைப்படங்கள் வழியாகத்தான்.

அந்தக் குட்டைக் கால்களுக்குக் காரணம் ஒரு நகல் பிழை. எலும்பு வளர்ச்சியில் பங்குள்ள எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணு, நாய்களின் முன்னோர் ஒன்றில் எப்போதோ இன்னொரு முறை படியெடுக்கப்பட்டு, 18-ஆம் குரோமோசோமில் தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை 2009-ல் கண்டுபிடித்தார்கள். 2017-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, அதே மரபணுவின் இன்னொரு நகல் 12-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. இந்த இரண்டாவது நகல் காலை மட்டும் குட்டையாக்குவதில்லை. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகளையும் இளவயதிலேயே உலர்த்திக் கெட்டியாக்குகிறது. காய்ந்த டிஸ்க் ஒருநாள் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கினால் நாய் பின்னங்கால் வராமல் விழுந்துவிடும். கோர்கிகள் பலவற்றிலும் இந்த நகல் இருக்கிறது.

ஆகவே கால் தளர்ந்த கோர்கியைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் முதலில் சந்தேகிப்பது டிஸ்க்கைத்தான். சந்தேகிக்கவும் வேண்டும். டிஸ்க் என்றால் அறுவை சிகிச்சையால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கு நேரம் மிகக் குறைவு. டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் திடீரென்று நடக்கும், வலி இருக்கும், முதுகைத் தொட்டால் நாய் விறைக்கும். கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் உணர்வே இல்லை என்ற நிலைக்கு நாய் போய்விட்டால் மணிநேரங்கள்கூட முக்கியம். எனவே நேற்று நன்றாக ஓடிய நாய் இன்று எழவில்லை என்றால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

இன்னொரு நோய் இதற்கு நேர் எதிரான நடையில் வருகிறது. டீஜெனரேட்டிவ் மைலோபதி என்று அதற்குப் பெயர், சுருக்கமாக டிஎம். நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் உள்ளே, மூளையிலிருந்து கட்டளைகளையும் பாதத்திலிருந்து தகவல்களையும் கொண்டுசெல்லும் நீண்ட நரம்பு இழைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கால் எங்கே இருக்கிறது என்பதையே மூளை மறந்துபோகிறது. மருத்துவர் நாயின் பாதத்தைக் குப்புறத் திருப்பி வைத்துப் பார்ப்பது இதனால்தான். நலமான நாய் நொடியில் பாதத்தை நிமிர்த்திக்கொள்ளும். டிஎம் வந்த நாய் அப்படியே நிற்கும், அது தன் கால்தான் என்று தெரியாததுபோல.

இரண்டையும் பிரித்தறிவது ஏட்டில்தான் சுலபம். வயதான கோர்கியை எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் வைத்தால் எங்கேயாவது ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கித் தெரியவே செய்யும். அதுதான் குற்றவாளியா, பல வருடங்களாகத் தொல்லை தராமல் அங்கேயே இருந்ததா? படத்தில் கண்டதை நம்பி அறுவை செய்து, பிறகும் நாய் தளர்ந்துகொண்டே போவதைக் கண்டு குடும்பங்கள் உடைந்துபோவது உண்டு. டிஎம் என்பதை உறுதியாகக் காட்டும் சோதனை, நாய் உயிரோடு இருக்கும்வரை கிடையாது. கட்டி, தொற்று, டிஸ்க் என்று மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, மிஞ்சியதை டிஎம் என்று கணிக்கிறார்கள்.

1973-ல் ஏவரில் என்ற கால்நடை மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தது ஜெர்மன் ஷெப்பர்டுகளில். நீண்ட காலம் அது ஷெப்பர்டுகளின் நோய் என்றே கருதப்பட்டது. அதைப் பற்றிய அறிவும் பாதியிலேயே நின்றிருந்தது. ஏன் என்று யோசித்தால் காரணம் மிக எளிமையானது. முப்பது, நாற்பது கிலோ நாய் பின்னங்கால் வராமல் படுத்துவிட்டால், அதை நாளுக்குப் பத்துமுறை தூக்கி வெளியே கொண்டுபோய், கழுவி, புரட்டிப் படுக்கவைக்க எத்தனை பேரால் முடியும்? பெரும்பாலோர் மனம் ஒப்பாமலே கருணைக்கொலைக்குச் சம்மதித்தார்கள். ஆகவே நோயின் முதல் பாகத்தை மட்டுமே மருத்துவர்கள் பார்த்தார்கள்.

கோர்கி பன்னிரண்டு கிலோ. ஒரு குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். பின்னங்கால் போன பிறகும் வீட்டில் உள்ளவர்கள் அதைச் சுமந்தார்கள். மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஜோன் கோட்ஸ் தலைமையிலான நரம்பியல் குழு பெம்புரோக் கோர்கிகளின் நோய் வரலாற்றைத் தொகுத்து 2007-ல் வெளியிட்டபோது அதுவரை தெரியாத பின்பாதி வெளிச்சத்துக்கு வந்தது. சுமார் 11 வயதில் தொடங்கிய தளர்ச்சி பின்னங்காலோடு நிற்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பராமரிக்கப்பட்ட நாய்களில் அது முன்னங்கால்களுக்கு ஏறியது. தசைகள் வற்றின. குரைப்பு மாறியது, விழுங்குவது கடினமானது, கடைசியில் மூச்சுவிடும் தசையே ஓய்ந்தது.

மனித நரம்பியல் படித்த எவருக்கும் இந்த வரிசை பழகியது. ஏஎல்எஸ் நோய் இப்படித்தான் நகரும்: பேஸ்பால் வீரர் லூ கெரிக்கை 1941-ல் கொண்டுபோன, இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த அந்த நோய்.

ஏஎல்எஸ்ஸுக்குக் காரணமான மரபணு ஒன்று ஏற்கெனவே கைவசம் இருந்தது. பரம்பரையாக வரும் ஏஎல்எஸ்ஸில் ஒரு பகுதிக்கு எஸ்ஓடி1 என்ற மரபணுவின் பிழைகளே காரணம் என்பது 1993-ல் தெரிந்துவிட்டது. மிசௌரி குழுவும், ஷெர்ஸ்டின் லிண்ட்பிளாட்-டோவின் பிராட் நிறுவனக் குழுவும் சேர்ந்து, நோயுற்ற 38 பெம்புரோக் கோர்கிகளின் டிஎன்ஏவை அவற்றின் நலமான உறவு நாய்கள் 17-இன் டிஎன்ஏவோடு முழு நீளத்துக்கும் ஒப்பிட்டன. வித்தியாசம் தலைதூக்கிய இடம் 31-ஆம் குரோமோசோம். அந்தத் துண்டுக்குள் உட்கார்ந்திருந்தது அதே எஸ்ஓடி1. ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 40-ஆம் கண்ணியில் குளுடாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் லைசின் வந்திருந்தது. பாக்ஸர், ரொடீசியன் ரிட்ஜ்பேக், செசபீக் பே ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றிலும் அதே எழுத்துப் பிழை நோயோடு சேர்ந்தே வந்தது. 2009-ல் இது வெளியானது. மனிதனைத் தவிர வேறொரு விலங்குக்கு, யாரும் ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்காமல், எஸ்ஓடி1 பிழையால் இயல்பாகவே இப்படியொரு நோய் வருவதை அறிவியல் கண்டது அதுதான் முதல்முறை.

எஸ்ஓடி1 தயாரிக்கும் நொதி உயிரணுவின் துப்புரவுப் பணியாளர். சுவாசத்தின்போது உண்டாகும் சூப்பராக்சைடு என்ற முரட்டு ஆக்சிஜன் வடிவத்தை அடக்கி வைக்கிறது. பிழையான புரதம் அந்த வேலையைச் செய்யாததால் நோய் வருகிறது என்றுதான் யாரும் முதலில் ஊகிப்பார்கள். ஆனால் கோர்கியின் மாறிய நொதி தன் வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. கேடு அதன் மடிப்பில் இருக்கிறது: சரியாக மடியாத புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இயக்க நரம்பணுக்களுக்குள் கட்டிகட்டியாகத் தேங்குகின்றன. இதனால்தானோ என்னவோ, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரைகளால் இந்த நாய்களைக் காப்பாற்ற முடியவில்லை. விற்பனைக்குக் கிடைக்கும் துணை உணவுகள் எதுவும் நோயை நிறுத்தியதாக நிரூபணமில்லை.

இப்போது கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் நாயின் எஸ்ஓடி1 எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள். அந்த முடிவு பல வீடுகளில் தேவையில்லாத துக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பிழையான பிரதியைப் பெற்ற நாய்தான் ஆபத்துக்குரியது. ஆனால் அப்படிப்பட்ட கோர்கிகளிலேயே பல, பதினான்கு பதினைந்து வயதுவரை கால் இடறாமல் வாழ்ந்து வேறு காரணத்தால் சாகின்றன. பெம்புரோக்குகளில் இந்தப் பிழை மிகப் பரவலானது. எனவே இரண்டு பிரதிகள் உண்டு என்ற செய்தி, நோய் வரலாம் என்று மட்டுமே சொல்கிறது. மூன்று வயது நாயைக் கையில் வைத்துக்கொண்டு அழ அதில் ஒன்றுமில்லை. அதேபோல் தளர்ந்து நிற்கும் பத்து வயது நாய்க்கு இந்தச் சோதனையில் ஆபத்து என்று வந்தால், அது டிஎம்தான் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. பிதுங்கிய டிஸ்க்கை அந்த முடிவுத் தாள் மறைத்துவிடலாம்.

ஒரே பிழையைச் சுமந்தும் ஒன்று விழுகிறது, ஒன்று ஓடுகிறது. ஏன்? 2016-ல் ஒரு துப்பு கிடைத்தது. பெம்புரோக்குகளில் எஸ்பி110 என்ற வேறொரு மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம், முன்கூட்டியே நோய் கண்ட நாய்களில் அதிகமாகவும் முதுமைவரை நலமாக இருந்தவற்றில் அபூர்வமாகவும் காணப்பட்டது. இது நோய் எதிர்ப்பு சக்தியோடு தொடர்புடைய மரபணு. கதை இன்னும் முடியவில்லை.

அப்படியானால் பிழையுள்ள நாய்களை இனப்பெருக்கத்திலிருந்தே விலக்கிவிட்டால் என்ன? கார்டிகன் கோர்கியில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. விழித்திரை சிதைந்து இளம் வயதிலேயே குருடாக்கும் நோய்க்குக் காரணமான பிடிஇ6ஏ மரபணுப் பிழை 1999-ல் கண்டுபிடிக்கப்பட்டதும், வளர்ப்பவர்கள் சோதித்து அதை ஏறக்குறைய ஒழித்தேவிட்டார்கள். அங்கே பிழை அரிது, விளைவு நிச்சயம். டிஎம்மில் பிழை எங்கும் இருக்கிறது, விளைவு நிச்சயமில்லை. மொத்தமாக விலக்கினால் ஏற்கெனவே குறுகிய இனத்தின் மரபு வளம் மேலும் சுருங்கி, இன்று பெயர்கூடத் தெரியாத வேறு நோய்கள் தலைதூக்கும். பிழையுள்ள நல்ல நாயைப் பிழையில்லாத நாயோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாக மெல்லக் குறைத்துவருவதே விவேகம்.

நோய் வந்துவிட்ட நாய்க்கு என்ன செய்யலாம்? 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், டிஎம் என்று கருதப்பட்ட 22 நாய்களில் தினமும் தீவிரப் பயிற்சி பெற்றவை சராசரியாக 255 நாட்கள் தாக்குப்பிடித்தன. மிதமாகப் பெற்றவை 130 நாட்கள். பயிற்சியே பெறாதவை 55 நாட்கள். குலுக்கிப் போட்டுப் பிரித்த குழுக்கள் அல்ல, அக்கறை மிகுந்த வீட்டு நாய்களே அதிகப் பயிற்சியும் பெற்றிருக்கும். அந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனாலும் தினம் சிலமுறை மெதுவான நடை, தண்ணீரில் நடத்தல், கால்களை நீட்டி மடக்கிவிடுதல் ஆகியவை தீங்கு செய்வதில்லை. வழுக்கும் தரையில் பாய் விரிக்க வேண்டும். உரசும் பாதத்துக்குச் சிறு காலணி மாட்டலாம். எடை கூடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம்; கோர்கிக்குப் பசி அடங்குவதே இல்லை. பின்னங்கால் ஓய்ந்த பிறகு, இடுப்பைத் தாங்கும் இரண்டு சக்கர வண்டியைப் பூட்டிவிட்டால் முன்னங்கால்களாலேயே பூங்காவைச் சுற்றிவரும் கோர்கிகள் உண்டு.

மருந்துப் பக்கம் மனிதருக்கு ஒன்று வந்திருக்கிறது. எஸ்ஓடி1 புரதம் உருவாகாமலே தடுக்க, அந்த மரபணுவின் செய்தியை வழியிலேயே மடக்கும் டோஃபர்சென் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 ஏப்ரலில் மனித நோயாளிகளுக்காக அனுமதி அளித்தது. முதுகுத் தண்டின் நீருக்குள் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. ஏஎல்எஸ் மருந்துகள் பல, மனித மரபணுவைத் திணித்து வளர்த்த எலிகளில் வெற்றிபெற்று மனிதரிடம் தோற்றவை. நம்மோடு அதே வீட்டில் வசித்து, முதுமையில் தானாகவே நோயுறும் நாயின் நீண்ட தண்டுவடமோ எலியுடையதைவிட மனிதனுக்கு நெருக்கமானது. சிதையும் நரம்பிழைகளிலிருந்து கசியும் ஒரு புரதம் டிஎம் நாய்களின் தண்டுவட நீரில் உயர்ந்திருப்பதும் தெரியவந்திருக்கிறது. ஏஎல்எஸ்ஸிலும் அதையே அளக்கிறார்கள்.

இவை அனைத்துக்கும் பொருள் கொடுத்தவர்கள் அந்த நாய்களை வளர்த்த வீட்டுக்காரர்கள். மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்து, கடைசி ஊசியின்போது தலையைத் தடவியபடி இருந்துவிட்டு, அதே நாளில் உடற்கூறாய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். தண்டுவடத்தை மெல்லிய வில்லைகளாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைக்கும்போதுதான் நரம்பிழைகள் நெருக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய திட்டுகள் தெரியும். டிஎம் என்று ஐயமின்றி எழுதப்பட்ட அறிக்கை, நாயின் படுக்கையை எடுத்து மடித்து வைத்த பிறகுதான் அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறது.